பத்து மணி வெயில்

தோல் கருகும் வாசனை மாடிப்படி வழியாக இறங்கி வந்தபோது, சுப்பராயன் அதைத் தன் வெற்றியின் வாசனை என்று நினைத்தார்.

"வருதா வாசனை? வருதா?" என்று சமையலறை வாசலில் நின்று மனைவியைக் கேட்டார். "கேஸ் கெடையாது, கரண்ட் கெடையாது. மேல டீத்தண்ணி தானா கொதிக்குது."

அமிர்தவள்ளி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் மூக்கை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"டீத்தண்ணி கொதிச்சா எதுக்குங்க தோல் வாசனை வருது?"

முப்பது வருஷமாக ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்க்கும் மனிதர் அவர். அவருக்கு இந்தக் கேள்வி உறைக்க முழுதாக ஐந்து விநாடி பிடித்தது. அப்புறம் கையிலிருந்த மோர் டம்ளரை அப்படியே தரையில் வைத்துவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மொட்டை மாடிக்கு ஓடினார்.

டீத்தண்ணி கொதிக்கவில்லை. வெதுவெதுப்புக்கூட ஏறாமல் பாத்திரத்தில் சாதுவாக இருந்தது. அதற்கு ஒன்றரை அடி தள்ளி, முக்காலியின் மேல், டேனரியிலிருந்து கொண்டு வந்திருந்த கையெழுத்துப் பீஸ் என்ற தோல் துண்டின் நட்டநடுவில், வெயிலைக் குவிக்கும் கண்ணாடியிலிருந்து விழுந்த வெள்ளையான ஒரு வெளிச்சப் பொட்டு நின்று புகைந்துகொண்டிருந்தது.

சூரியன் நகரும் என்பது சுப்பராயனுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார். ஆனால் அவர் மோர் குடித்துவிட்டு வருகிற வரைக்கும் அது அதே இடத்தில் காத்திருக்கும் என்று எப்படியோ நம்பிவிட்டார்.

அந்தக் கண்ணாடி வந்த கதையை இங்கேயே சொல்லிவிடலாம். மூன்று வாரத்துக்கு முன்னால் சத்தாரின் காயலான் கடையில் பீரோ அளவுக்கு ஒரு பழைய புரொஜெக்ஷன் டிவி வந்து இறங்கியது. ஏதோ கல்யாண மண்டபத்துச் சாமான். அதன் திரையை உடைத்தால் உள்ளே மேசை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி இருந்தது, அதில் வட்டவட்டமாக நுணுக்கமான கோடுகள். இதே மாதிரி ஒரு கண்ணாடியை வெயிலில் பிடித்து யாரோ ஒரு வெள்ளைக்காரன் காசை உருக்குவதை சுப்பராயன் யூடியூபில் பதினோரு தடவை பார்த்திருந்தார்.

"சார், இத வெயில்ல மட்டும் வெச்சிடாதீங்க. நேத்து என் கடையிலயே ஒரு சாக்கு மூட்டை பத்திக்கிச்சு" என்றார் சத்தார்.

வேறு யாராக இருந்தாலும் அதை எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். சுப்பராயன் அதைச் சிபாரிசு என்று எடுத்துக்கொண்டு கண்ணாடியைத் தூக்கி வந்துவிட்டார். பழைய இரும்புக் கட்டிலின் சட்டத்தில் அதைக் கட்டி மாடியில் நிறுத்தினார். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் செய்தபோது கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விஞ்ஞானி ஆனார். மூன்று வாரத்தில் அவருடைய ஆராய்ச்சி சாதித்தவை: ஒரு தேங்காய் ஓடு, ஒரு ரப்பர் செருப்பு, மாடித் தரையில் இரண்டு ஓடு, அவருடைய இடது புருவத்தில் பாதி. டீத்தண்ணி மட்டும் இன்னும் கொதித்தபாடில்லை.

இருக்கட்டும். இப்போது எரிந்துபோனது செருப்போ புருவமோ இல்லை. கையெழுத்துப் பீஸ்.

டேனரியின் ஃபினிஷிங் டிபார்ட்மென்ட்டில் சுப்பராயனுக்குக் கலர் பார்க்கிற வேலை. தோல் வாங்குகிற வெளிநாட்டுப் பையர் தனக்கு எந்தக் கலர் வேண்டும் என்று ஒரு உள்ளங்கை அகலத் தோல் துண்டைத் தேர்ந்தெடுத்து, அதன் பின்பக்கத்தில் கறுப்பு மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். அதன் பிறகு எத்தனை ஆயிரம் தோல் போட்டாலும் அந்தத் துண்டோடு ஒத்துப்போக வேண்டும். இந்தத் துண்டு பிராந்தி கலர். பையர் அதற்கு வேறு ஏதோ பெயர் எழுதியிருந்தார். தொழிலாளர்கள் தங்களுக்குப் புரிந்த பெயரை வைத்துக்கொண்டார்கள்.

கலர் பார்ப்பதற்கென்று கம்பெனியில் விளக்குப் பெட்டி இருக்கிறது. சுப்பராயன் அதை மதிப்பதில்லை. "பத்து மணி வெயில்ல பாக்கணும். பத்துக்கு முன்னாடி பாத்தா மஞ்சள் ஜாஸ்தியா தெரியும். பதினொண்ணுக்கு மேல பாத்தா செவப்பு கம்மியா தெரியும். அதுக்குக் கண்ணு வேணும்" என்பார். அந்தக் கண் தனக்கு மட்டுமே இருப்பதாக அவர் தினமும் யாரிடமாவது சொல்லிவிடுவார். அரை ஷேட் மாறினாலும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவாராம்.

குவாலிட்டி மேனேஜர் டேனியலுக்கு இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வெள்ளிக்கிழமையன்று கூப்பிட்டு நேராகவே சொன்னார்.

"சுப்பராயன், திங்கக்கெழம இன்ஸ்பெக்ஷன். ஷேட்ல ஏதாவது சொன்னாங்கன்னா கம்ப்யூட்டர் மெஷின் வாங்கிடுவோம். நீங்க பச்சைத்தோல் கிடங்குக்குப் போய்டுங்க. அங்க தோல் எண்றதுக்கு ஆள் இல்ல."

பச்சைத்தோல் கிடங்கு என்றால் உப்பும் ஈயும் நாற்றமும். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டு மரியாதை செய்வார். அதனால்தான் சுப்பராயன் சனிக்கிழமை சாயந்திரம் கையெழுத்துப் பீஸையும், இன்ஸ்பெக்ஷனுக்குப் போகும் புதுத் தோல் லாட்டிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளையும் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வெயிலில் நிம்மதியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று திட்டம்.

சாம்பிள் ரூமைப் பார்த்துக்கொள்ளும் ஷபீ அஹமது, கையில் வழக்கமான டீ கிளாஸோடு, பாதி மனசாகத்தான் அலமாரியைத் திறந்தார். நரைத்த தாடிக்காரர், இருபது வருஷ சர்வீஸ்.

"பீஸ வெளிய கொண்டும்போகக் கூடாது சார். தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் பேஜாரு."

"எனக்கே ரூல் சொல்றியா? மொதல்ல அந்த டீ கிளாஸ அலமாரி மேலேருந்து எடு. ஒரு சொட்டு பட்டுச்சுன்னா உன் வேலை காலி."

ஷபீ அஹமது அவசரமாகக் கிளாஸை எடுத்துக்கொண்டார். "ஜாக்கிரதை சார். இத விட்டா வேற பீஸ் கெடையாது" என்றார்.

அந்த வேறு கிடையாத பீஸில்தான் இப்போது ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். கையெழுத்தில் முன்பாதி இருந்தது. பின்பாதி புகையாகப் போயிருந்தது.

அமிர்தவள்ளி மூச்சு வாங்க மாடிக்கு வந்து சேர்ந்தாள். பீஸைப் பார்த்தாள், கணவனின் புருவத்தைப் பார்த்தாள்.

"நேரா டேனியல் சாருக்கு போன் பண்ணி, இப்டி ஆயிடுச்சின்னு சொல்லிடுங்க."

"இன்னான்னு சொல்லச் சொல்ற? டீ போடும்போது எரிஞ்சிடுச்சின்னா?"

"நடந்தது அதானே?"

"நீ கீழ போ. இது டெக்னிகல் விஷயம்."

அவள் போகவில்லை. தண்ணீர் டேங்கின் நிழலில் சாய்ந்து நின்றுகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை டிவியில் இதைவிட நல்ல நிகழ்ச்சி எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஆம்பூர்க்காரர் யாருக்கும் ஓட்டையைக் கண்டால் முதலில் ஞாபகம் வருவது சொல்யூஷன். ஷூ ஒட்டுகிற பசை. எல்லா வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். சுப்பராயன் லாட் துண்டின் ஓரத்தில் வட்டமாகக் கொஞ்சம் வெட்டினார். சொல்யூஷனைத் தாராளமாகத் தடவி ஓட்டையில் பொருத்தினார். பார்க்க அவ்வளவு மோசமாக இல்லை. காய வேண்டியதுதான் பாக்கி. நிழலில் வைத்தால் கால் மணி நேரத்தில் காய்ந்திருக்கும்.

ஆனால் சூரியனையே கட்டில் சட்டத்தில் கட்டி வைத்திருக்கும் மனிதர் எதற்குக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்?

"சொல்யூஷன் நெருப்பு புடிக்குங்க" என்றாள் அமிர்தவள்ளி.

"தெரியும். அதனாலதான் தூரத்துல புடிக்கிறேன். பொட்டு சின்னதா இருந்தாத்தான் எரியும், பெருசா இருந்தா..."

பெருசாக இருந்தாலும் எரிந்தது. நீல நிறத்தில் அழகாக எரிந்தது. சுப்பராயன் குதித்துக் குதித்துச் செருப்புக் காலால் மிதித்து அணைத்தார். அணைத்து முடித்தபோது கையெழுத்துப் பீஸில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியது. பாதிக் கையெழுத்து எப்படியோ தப்பித்திருந்தது.

"இப்பவாவது போன் பண்ணுங்க."

"இனிமே இன்னாத்துக்கு போன்? புதுசாவே ஒண்ணு பண்ணிடறேன்" என்றார்.

யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான். லாட்டும் கையெழுத்துப் பீஸும் ஒரே கலர் என்றுதானே திங்கட்கிழமை அவர் வாதாடப் போகிறார்? அப்படியென்றால் லாட்டிலிருந்தே ஒரு துண்டை அதே அளவுக்கு வெட்டி, பின்னால் கையெழுத்தைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஒரே ஒரு சிக்கல். கையெழுத்துப் பீஸ் ஒரு வருஷத்துக் கிழடு. நூறு பேர் தடவி, மடக்கி, மேசையில் தட்டி, ஓரமெல்லாம் தேய்ந்து, பின்பக்கம் அழுக்கேறிக் கிடந்தது. புதுத் துண்டோ நேற்றுப் பிறந்த மாதிரிப் பளபளவென்று இருந்தது.

"ஒரு வருஷத்து வெயில அரை மணி நேரத்துல குடுத்துட்டா ஆச்சு" என்று அறிவித்துவிட்டு, ஓரம் வெட்டிய முதல் துண்டைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

அரை மணி நேரம் தேவைப்படவில்லை. சூடு பட்டதும் தோல் நாலு பக்கமும் சுருண்டு, மேலெழும்பி, குறுகி, எண்ணெயில் போட்ட அப்பளம் போல விறைத்து நின்றது. ஒரு வருஷம் கேட்டவருக்கு சூரியன் ஒரே நிமிஷத்தில் நூறு வருஷத்தைக் கொடுத்துவிட்டது. சூடு பட்டால் தோல் சுருங்கும் என்பது டேனரியில் வாசல் பெருக்குகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும்.

இப்போது மிச்சம் ஒரே துண்டு.

"இதுவும் போச்சின்னா?" என்று கேட்டாள் அமிர்தவள்ளி.

"போவாது. இந்த வாட்டி ஈரத்துணி போர்த்தி, நாலு ஓரத்துலயும் செங்கல் வெச்சிட்டு, கண்ணாடிய ஒசத்திப் புடிக்கப் போறேன். இன்னா நடந்தாலும் பீஸ விட்டு கண்ண எடுக்க மாட்டேன்."

சொன்ன சொல் தவறவில்லை. பீஸை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து பீஸையே முறைத்துப் பார்த்தார். கை வலித்தபோது சட்டம் மெதுவாகச் சாய்ந்தது. வெளிச்சப் பொட்டு பீஸை விட்டு விலகித் தரையில் ஊர்ந்து, சுவரில் ஏறி, டேங்கிலிருந்து இறங்கும் பிளாஸ்டிக் பைப்பின் மேல் போய் நின்றது. பீஸ் எரியாமல் பத்திரமாக இருப்பதைக் கண்டு சுப்பராயனின் முகத்தில் அன்றைக்கு முதன்முறையாகச் சிரிப்பு வந்தது.

"என்னங்க, பைப்பு..."

"சும்மா இரு. இப்பதான் செட் ஆவுது."

பைப் வளைந்தது, கறுத்தது, பிறகு வாயைப் பிளந்தது. ஆயிரம் லிட்டர் டேங்க், காலையில்தான் நிரப்பியது. தண்ணீர் சுப்பராயனின் முழங்காலில் அடித்து, செங்கல்லைப் புரட்டி, துணியையும் பீஸையும் வாரிக்கொண்டு மாடித் தூம்பு வழியாகப் பக்கத்து வீட்டு முற்றத்தில் அருவியாகக் கொட்டியது.

பக்கத்து வீட்டு முற்றத்தில் மீனாம்பாள் பழைய வேட்டியை விரித்துக் கூழ் வடகம் பிழிந்து வைத்திருந்தாள். காலை ஆறு மணியிலிருந்து பிழிந்தது.

அடுத்துக் கேட்ட சத்தத்தில் தெருவிலிருந்த நாய்கள் எழுந்து உட்கார்ந்தன.

"யோவ் சுப்பராயண்ணா! உன் மூஞ்சில என் வடகத்த வெச்சி தேக்க! எறங்கி வாய்யா கீழ!"

டேங்க் வாயில் ஒரு துணியை அடைத்துவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்த லுங்கியோடு சுப்பராயன் இறங்கிப் போனார். வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டார். படியிறங்கும்போதே மூக்கில் உப்புத் தோல் நாற்றம் அடித்தது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், அந்த நிமிஷத்தில் மனிதர் உண்மையாகவே கலங்கிப்போயிருந்தார், பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மீனாம்பாள் முற்றத்து விறகடுப்பில் சீரகம் போட்ட அடுத்த ஈடு கூழைக் கிண்டி முடித்து, கொதிக்கிற குண்டானைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். குண்டானின் விளிம்பைப் பிடிக்க, கைக்கு அகப்பட்டதை மடித்து வைத்திருந்தாள். சுப்பராயன் அதைப் பார்த்தார். திட்டு எதுவும் காதில் விழவில்லை.

அது அவருடைய பீஸ்.

சேற்றில் மிதிபட்டு, மடங்கி, ஓரம் தேய்ந்து, பின்பக்கம் கரி பிடித்து, நடுவில் மட்டும் கலர் கெடாமல், ஒரு வருஷம் நூறு பேர் கையில் புழங்கிய மாதிரியே இருந்தது. மூன்று வாரத்து விஞ்ஞானம் செய்ய முடியாததை மீனாம்பாளின் அடுப்பங்கரை ஐந்து நிமிஷத்தில் செய்து வைத்திருந்தது.

"அக்கா, அத மட்டும் குடுத்துடுக்கா!"

"எத? இந்தக் கரித்துணியையா?"

"ஆமாக்கா. அது என் உயிரு."

மீனாம்பாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பாதிப் புருவம், கறுப்புக் கண்ணாடி, ஈர லுங்கி.

"மொதல்ல உக்காந்து வடகத்தப் பிழி. முழுசா பிழிஞ்சி முடிச்சாத்தான் உன் உயிரு கெடைக்கும்."

ஃபினிஷிங் டிபார்ட்மென்ட்டின் ஒரே கண் ஒன்றரை மணி நேரம் முற்றத்தில் குத்துக்காலிட்டு அச்சில் வடகம் பிழிந்தது. அமிர்தவள்ளி மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இன்னிக்குதாங்க உருப்படியா ஒரு வேலை செய்றீங்க" என்றாள்.

மதியம் முழுக்கக் கையெழுத்துப் பயிற்சி நடந்தது. மிஞ்சிய பாதியை எதிரில் வைத்துக்கொண்டு, மீதிப் பாதியை ஞாபகத்திலிருந்து எழுத வேண்டியிருந்தது. முதலில் ஒரு பெரிய சுழி, அப்புறம் கோழி கிண்டியது போல நாலு கோடு, கடைசியில் கீழே ஒரு இழுப்பு. கேஸ் பில்லின் பின்பக்கத்தில் அறுபது தடவை போட்டுப் பார்த்தார்.

"உங்க கையெழுத்தே ஒத்துப் போவலன்னு பேங்க்ல ரெண்டு வாட்டி திருப்பி அனுப்புனாங்க. இதுல வெள்ளைக்காரன் கையெழுத்து வேற" என்றாள் அமிர்தவள்ளி.

அறுபத்தி ஒன்றாவதைப் பீஸின் பின்னால் போட்டார். ஊதிக் காயவைத்தார், இந்தத் தடவை வாயால் மட்டும். நாலு மணிக்குப் பழைய பீஸின் மிச்சத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். அது தடயமில்லாமல் சாம்பலானது. அந்தக் கண்ணாடி சொன்னபடி செய்த ஒரே வேலை அதுதான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையிலிருந்து பையரின் இன்ஸ்பெக்டர் சதீஷ்குமார் வந்தார். பீஸை வாங்கினார், லாட்டின் மேல் வைத்தார், ஜன்னல் பக்கம் கொண்டுபோனார், விளக்குப் பெட்டிக்குள் நுழைத்தார். சுப்பராயனின் முதுகில் வேர்வை வழிந்து பெல்ட்டுக்குள் போனது. டேனியல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார்," என்றார் சதீஷ்குமார், "இவ்ளோ க்ளோஸ் மேட்ச் நான் பாத்ததே இல்ல."

அந்த லாட்டிலேயே வெட்டிய துண்டு அந்த லாட்டோடு ஒத்துப்போனதில் அவருக்கு அத்தனை ஆச்சரியம். பீஸைத் திருப்பிக் கையெழுத்தையும் பார்த்தார், தலையை ஆட்டினார், தாளில் முத்திரை குத்திவிட்டுக் கிளம்பினார்.

டேனியல் சுப்பராயனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான்தான் தப்பா நெனச்சிட்டேன். மெஷின் வேணாம். உங்க கண்ணே போதும்."

"கண்ணு இல்ல சார், அனுபவம்" என்றார் சுப்பராயன். நேற்று வடகம் பிழிந்த முகம் அதற்குள் பழைய தோரணைக்குத் திரும்பிவிட்டது. போகிற வழியில் ஃபினிஷிங் ஆட்கள் மூன்று பேரை நிறுத்தி வைத்து, கலர் பார்ப்பது எப்படி என்று அறிவுரையும் சொன்னார். பிறகு பீஸைத் திருப்பிக் கொடுக்க சாம்பிள் ரூமுக்குப் போனார்.

ஷபீ அஹமது டீ கிளாஸைக் கவனமாக ஜன்னலில் வைத்துவிட்டு பீஸை வாங்கினார். முகர்ந்து பார்த்தார்.

"சீரக வாசனை வருதே சார்."

"சாப்பாட்டுப் பைல இருந்தது. உள்ள வெச்சி பூட்டு."

ஷபீ அஹமது பூட்டவில்லை. பீஸைத் திருப்பினார். பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சார், இது அந்த பீஸ் இல்ல."

சுப்பராயன் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் குரலை விட்டுக்கொடுக்கவில்லை.

"இன்னா ஒளர்ற? இன்ஸ்பெக்டர் பாத்தாரு, மேனேஜர் பாத்தாரு. ஒரு வருஷமா தெனமும் இத வெச்சி கலர் பாக்குறவன் நான். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? கலரப் பத்தி உனக்கு இன்னாய்யா தெரியும்?"

"கலரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றார் ஷபீ அஹமது தணிந்த குரலில். "ஆனா போன வருஷம் ஒரிஜினல் மேல டீயக் கொட்டிட்டு, கழிவுத் தோல்ல ஒரு துண்ட வெட்டி, வெள்ளைக்காரன் கையெழுத்தப் போட்டு வெச்சவன் நான்தானே, நான் போட்ட கையெழுத்து எனக்குத் தெரியாதா?"